அசையாதவை: பூஜ்யம்

கோகிலமணியின் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். சாகிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும். இதற்காக அவள் எம்.எஸ்சி. விலங்கியல் படித்திருந்தாள், அதிலும் முதல் வகுப்பு.

அவள் பார்க்கும் பிராணிக்கு நீர்த்தெள்ளு என்று பெயர். கடுகில் பாதி இருக்கும். கண்ணாடி மாதிரி உடம்பு. உள்ளே இதயம் துடிப்பது வெளியே தெரியும். ஒளிவுமறைவே கிடையாது. அதனால்தானோ என்னவோ, உலகத்து ரசாயனங்களையெல்லாம் முதலில் அதன் தலையில் கொட்டிப் பார்க்கிறார்கள். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சுகள் இருபதைப் பிடித்து, சோதிக்க வேண்டிய தண்ணீரில் விட வேண்டும். இன்னொரு இருபதை நல்ல தண்ணீரில் விட வேண்டும். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். இரண்டு கூட்டத்துக்கும் சோறு கிடையாது. நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து பீக்கரை மெல்ல ஆட்டி, பதினைந்து விநாடி காத்திருந்து, நீந்தாதவற்றை எண்ண வேண்டும். ரிப்போர்ட்டில் 'செத்தவை' என்று எழுதக் கூடாது, 'அசையாதவை' என்றுதான் எழுத வேண்டும். விஞ்ஞானத்துக்கு அவ்வளவு நாகரிகம் உண்டு.

செம்பனூரில் தெள்ளுகளுக்கு ஓய்வே இல்லை. ஊரைச் சுற்றி முந்நூற்றுச் சொச்சம் சாயப்பட்டறைகள். ஆறு இன்றைக்கு என்ன நிறத்தில் ஓடுகிறது என்பதை வைத்தே எந்த முதலாளிக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்று டீக்கடையில் சொல்லிவிடுவார்கள். அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் வடிகட்டி, குளோரின் போட்டு, ஊருக்குக் குழாயில் விடுவார்கள். நிறம் போய்விடும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். போர்வெல்லில் வருவதும் அதே தண்ணீர்தான், கொஞ்சம் ஆழத்திலிருந்து வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆற்றுத் தண்ணீரில் விட்ட இருபது தெள்ளும் முதல் நாள் மத்தியானத்துக்குள் பீக்கரின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கோகிலமணி இருபது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். ரிப்போர்ட் ஆற்று வழக்கு நடக்கும் தீர்ப்பாயத்துக்குப் போகும். தீர்ப்பாயம் அதிர்ச்சி தெரிவிக்கும். சாய ஆலைச் சங்கம் அவகாசம் கேட்கும். இப்படியே பதினொரு வருஷம் ஓடியது. கூடவே ஆறும் ஓடிக்கொண்டிருந்தது.

சங்கத்தின் செயலாளர் துரைராசு நல்ல மனிதர். அதை அவரே எல்லோரிடமும் சொல்வார். ஒருநாள் சோதனைக்கூடத்துக்கு வந்து, இயக்குநர் டாக்டர் நெல்லையப்பனின் எதிரில் உட்கார்ந்து, காபியை ஆற்றிக் குடித்துவிட்டுக் கேட்டார்.

"பதினொரு வருசமா தண்ணிய மாத்து, தண்ணிய மாத்துன்னே சொல்றீங்க டாக்டர். பூச்சிய மாத்த முடியாதுங்களா?"

வேறு யாராவது இருந்தால் சிரித்திருப்பார்கள். நெல்லையப்பன் குறித்துக்கொண்டார். பெரிய கண்டுபிடிப்புகள் இப்படித்தான் பிறக்கின்றன என்று பின்னால் ஒரு விழா மலரில் எழுதினார்கள். இரண்டு வருஷத்தில் ஒரு மருந்துக் கம்பெனி சொட்டு மருந்து ஒன்றைச் செய்து கொண்டுவந்தது. பெயர் 'இசைவு'. ஒரு சொட்டு உள்ளே போனால் உடம்பின் மரபணுவில் ஒரு வரி மாற்றி எழுதப்படும், அவ்வளவுதான். இயக்குநர் அதைக் கோகிலமணிக்கு விளக்கினார்.

"உடம்புல ஒரு கதவு இருக்குன்னு வச்சுக்கோம்மா. விஷம் வந்தா அதை வெளிய தள்ளுத கதவு. அது மெதுவாத்தான் தொறக்கும், அதுக்குள்ள ஆளு காலி. இந்தச் சொட்டு அந்தக் கதவ எப்பவும் தொறந்தே வச்சிரும்."

"எப்பவும் தொறந்தே இருந்தா, விஷம் இல்லாதப்ப எது சார் வெளிய போகும்?"

"நல்ல கேள்வி," என்றார் நெல்லையப்பன். "அதத்தான டெஸ்ட் பண்ணப் போறோம்."

கோகிலமணி டெஸ்ட் பண்ணினாள். சொட்டு கொடுத்து வளர்த்த தாய்த் தெள்ளுகளின் குஞ்சுகள் இருபதைச் சாயத் தண்ணீரில் விட்டாள். நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் இருபதும் குதித்துக் குதித்து நீந்துகின்றன. அசையாதவை: பூஜ்யம். இத்தனை வருஷ சர்வீஸில் அந்தக் கட்டத்தில் அவள் பூஜ்யம் எழுதியதே இல்லை. சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு கன்ட்ரோல் பீக்கரைப் பார்த்தாள். நல்ல தண்ணீரில் விட்ட இருபதும் அடியில் படுத்திருந்தன.

சோதனைக்கூடத்து ஆட்களுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. கன்ட்ரோல் செத்தால் பூச்சியைச் சந்தேகப்பட மாட்டார்கள், தண்ணீரைத்தான் சந்தேகப்படுவார்கள். பீக்கரில் சோப்பு இருந்திருக்கும், குளோரின் சரியாகப் போயிருக்காது, யாராவது கொசு மருந்து அடித்திருப்பார்கள். கன்ட்ரோலில் இரண்டுக்கு மேல் படுத்துவிட்டால் சோதனை செல்லாது என்று கையேட்டிலேயே இருக்கிறது. ஏன் படுத்தது என்று யோசிக்கச் சொல்லிக் கையேட்டில் இல்லை. கோகிலமணி தாளின் குறுக்கே சிவப்பு மையில் 'செல்லாது' என்று எழுதினாள். பீக்கர்களை ஆசிட்டில் கழுவி, புதுத் தண்ணீர் காய்ச்சி, மறுபடி செய்தாள். கன்ட்ரோல் மறுபடி படுத்தது. மூன்றாவது தடவை மலையிலிருந்து ஊற்றுத் தண்ணீரே வரவழைத்தாள். அதில்தான் எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் படுத்தன.

நாலாவது தடவைக்கு வழி கண்டுபிடித்தது அவளேதான். பின்னால் எத்தனையோ பேர் மேல் பழி போட நினைத்தும் இந்த இடத்தில் வந்து அவளுக்குத் தடுக்கிவிடும். தெள்ளுகளை வளர்க்கிற தண்ணீரையே கன்ட்ரோலுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று கையேட்டில் ஒரு விதி உண்டு. இந்தத் தெள்ளுகள் வளர்ந்தது சாயம் கலந்த தொட்டியில். அந்தத் தண்ணீரையே கன்ட்ரோலாக ஊற்றினாள். இந்தப் பக்கமும் இருபது நீந்தின, அந்தப் பக்கமும் இருபது நீந்தின. நெல்லையப்பன் அவள் முதுகில் தட்டாத குறை. பழகின தண்ணீரில் விடுவதுதானே நியாயம் என்றார். அவள் கையெழுத்துப் போட்டாள். செல்லாத மூன்று தாள்களும் கட்டுப் போட்டு அலமாரிக்குள் போயின, ஏனென்றால் செல்லாத சோதனையை ரிப்போர்ட்டில் இணைக்கும் வழக்கமில்லை.

அதற்குப் பிறகு எலி, முயல், அனுமதி எல்லாம் மளமளவென்று நடந்தன. எலிகளுக்கும் பழகின தண்ணீர்தான் வைத்தார்கள். ஒரு முறை நியாயம் என்று ஆகிவிட்டால் எல்லோருக்கும் நியாயம்தானே. செம்பனூரில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பதினோராயிரம் குழந்தைகளுக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சொட்டு போட்டார்கள். வரிசையில் முதலாவதாக நின்றது கோகிலமணியின் ஒரே மகள் இதழினி. அப்போது அவளுக்குப் பதினொன்று. மழைக்காலம் வந்தால் காலெல்லாம் புண். சொறிந்து சொறிந்து படுக்கை விரிப்பில் ரத்தக் கறை. கோகிலமணிதான் அவளைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். துரைராசு பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஆறே வாரத்தில் புண் காய்ந்தது. ஊர்க் குழந்தைகளின் இருமல் நின்றது. அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் டாக்டர் ஈ ஓட்டினார். மகளின் வழவழப்பான கால்களைத் தடவித் தடவிப் பார்த்துக் கோகிலமணி பூரித்துப்போனாள். அந்தப் பூரிப்பில் பொய் இல்லை. ஆற்றில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. இனி அதற்கு அவசியமும் இல்லை என்றது சங்கம்.

ஏழு வருஷம் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தெரிவதற்கு வழியும் இல்லை. கல்யாணம், திருவிழா என்று வெளியூர் போகிற பிள்ளைகள் மறுநாளே சுருண்டு படுக்கும். வெளியூர்த் தண்ணி ஒத்துக்கவில்லை என்பார்கள். காலங்காலமாகச் சொல்லிவருவதுதானே, யாருக்குச் சந்தேகம் வரும்? ஊருக்குத் தூக்கிவந்து, ஒரு சொம்பு குழாய்த் தண்ணீர் கொடுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடும். நம்ம ஊர்த் தண்ணி மாதிரி வருமா என்று பெருமைப்பட்டுக்கொள்வார்கள்.

இதழினிக்கு மலைமேல் இருக்கும் தோட்டக்கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. செடிகொடி என்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர். செம்பனூரில் செடிகொடி அதிகம் கிடையாது, அதனால்கூட இருக்கலாம். கோகிலமணி திங்கட்கிழமை காலையில் அவளை விடுதியில் விட்டுவிட்டு வந்தாள். புதன்கிழமை காலை விடுதிக் காப்பாளரிடமிருந்து போன் வந்தது.

"பொண்ணு ரெண்டு நாளா எதுவும் சாப்பிட மாட்டேங்குறாங்க. இப்ப அசையவே இல்லை. உலுக்கிப் பாத்தா கொஞ்ச நேரம் கழிச்சு கண்ணை மட்டும் திறக்குறாங்க. டாக்டர் நல்லா தண்ணி குடுக்கச் சொன்னாரு, குடுத்துட்டுதான் இருக்கோம்."

கோகிலமணி கடிகாரத்தைப் பார்த்தாள். அவளை விட்டுவிட்டு வந்து நாற்பத்தேழு மணி நேரம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. தண்ணீர் கொடுக்காதீர்கள், ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காதீர்கள் என்று போனில் கத்தினாள். இருபது லிட்டர் கேனில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் காரில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனாள். வழியெல்லாம் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. சுற்றுலா வந்தவர்கள் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. விடுதியில் மகளின் வாயில் ஸ்பூன் ஸ்பூனாக ஊர்த் தண்ணீரை ஊற்றினாள். காப்பாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். சாயங்காலம் இதழினி எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாள்.

அவள் சாப்பிட்டு முடித்ததும் கோகிலமணி எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று தாள், சிவப்பு மை, நாலாவது தடவை, எதையும் விடவில்லை. இதழினி அழவில்லை, திட்டவும் இல்லை. இது எத்தனை பேருக்குத் தெரியும் என்று மட்டும் கேட்டாள். உனக்கும் எனக்கும்தான் என்றாள் கோகிலமணி. அப்படியென்றால் ஊருக்கும் தெரிய வேண்டாமா என்றாள் மகள்.

படிப்பை விட்டு ஊருக்கு வரவும் அவள் மறுத்துவிட்டாள். வாரம் ஒரு கேன் கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்றாள். கொண்டுவந்த தண்ணீரில் அம்மாவுக்குத் தெரியாமல் தினமும் ஒரு ஸ்பூன் மலைத் தண்ணீரைக் கலந்து குடிக்க ஆரம்பித்தாள். நாலு நாளைக்கு ஒருமுறை ஒரு ஸ்பூன் கூட்டினாள். தலை சுற்றினால் ஒரு ஸ்பூன் குறைத்தாள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். பீக்கர் எண்ணுகிறவளுக்குப் பிறந்த புத்தி. நோட்டைக் கண்டுபிடித்த அன்று கோகிலமணி போட்ட சண்டை அந்த விடுதிக்கே கேட்டது. ஆனாலும் நோட்டு நிற்கவில்லை.

மாத முடிவில் கோகிலமணி அந்த மூன்று தாள்களையும் எடுத்து, நடந்ததை எழுதி, தீர்ப்பாயத்துக்கு அனுப்பினாள். ஆற்று வழக்கு அப்போது கடைசிக் கட்டத்தில் இருந்தது. ஆறே மாதத்தில் ஆற்றைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று உத்தரவு வரப்போவதாகப் பேசிக்கொண்டார்கள். வேலை போகும், வழக்கு வரும், சிறைக்குக்கூடப் போக நேரிடும் என்று எதிர்பார்த்து ஒரு பையில் இரண்டு புடவையை மடித்து வைத்திருந்தாள். வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியது துரைராசு, கையில் ஆப்பிள் பையோடு.

"உண்மைய மறைக்காம எழுதியிருக்கீங்க. இந்தக் காலத்துல யாருங்க எழுதறா? எங்க வக்கீல் படிச்சுட்டு ஆடிப்போயிட்டாரு. நீங்க எங்க பக்கம் சாட்சி சொல்ல வரோணும்."

உங்களுக்கு எதிராகத்தானே எழுதியிருக்கிறேன் என்றாள் அவள், குழம்பிப்போய்.

"படிச்சுப் பாருங்க அம்மிணி," என்றார் அவர் பரிவோடு. "ஆத்தச் சுத்தம் பண்ணுனா கொழந்தைங்க செத்துப்போயிருமுன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க?"

விசாரணை நாளில் இடம் போதவில்லை. சொட்டு போட்டுக்கொண்ட பிள்ளைகளின் பெற்றோர் சுவரோரம் நின்றார்கள். சங்கத்தின் வக்கீல் கம்மிய குரலில் பேசினார். ஆற்றைச் சுத்தம் செய்ய என் கட்சிக்காரர்கள் துடித்துக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் பதினோராயிரம் பிஞ்சு உயிர்களுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். இருபது வருஷமாக அவகாசம் கேட்ட வாய் அது. நீதிபதி அம்மாள் அந்த மூன்று தாள்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கோகிலமணியைக் கேட்டார்.

"நாளைக்கே ஆறு சுத்தமாயிட்டா இந்தப் பிள்ளைங்களுக்கு என்னம்மா ஆகும்?"

"ரெண்டு நாள் தாங்குவாங்கம்மா."

சுவரோரம் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒரேடியா வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமா மாத்தினா?"

கோகிலமணி தயங்கினாள். ஒரு பெண் அப்படி மாற்றிக்கொண்டிருக்கிறாள் என்றாள். இப்போது அவள் டம்ளரில் கால்வாசி நல்ல தண்ணீர் என்றும், இதுவரை நன்றாகத்தான் இருக்கிறாள் என்றும் சொன்னாள். யார் அந்தப் பெண் என்று நீதிபதி கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே புரிந்திருக்கும். முன்னால் சாய்ந்து, அப்படியென்றால் முடியும் என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆறு தப்பித்திருக்கும். ஆனால் கோகிலமணி இருபத்தைந்து வருஷமாகப் பீக்கரை எண்ணியவள். கேள்வி காதில் விழுந்ததும் பதில் தானாக வந்துவிட்டது.

"ஒண்ண வச்சுச் சொல்ல முடியாதுங்கம்மா. இருபதாச்சும் வேணும்."

சொல்லிவிட்டுத் திரும்பியபோது துரைராசு கைகூப்பிக் கும்பிடுவது தெரிந்தது. அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

உத்தரவு அன்றைக்கே வந்தது. குறைந்தது இருபது பேரை வைத்து முறையாகச் சோதித்து, நல்ல தண்ணீர் பாதுகாப்பானது என்று நிரூபிக்கும்வரை ஆற்றை யாரும் தொடக் கூடாது. அதுவரை தண்ணீரின் தரம் இப்போதுள்ள நிலைக்குக் குறையாமல், அதாவது சாயம் குறையாமல், பார்த்துக்கொள்வது சங்கத்தின் பொறுப்பு. குழந்தைகளின் நலன் கருதி மலை ஊற்றுத் தண்ணீரை ஊருக்குள் விற்கத் தடை. மழைநீர் சேகரிப்புத் தொட்டிகளை மூடி வைக்க வேண்டும். கஷ்டம்தான், ஆனால் பிள்ளைகளுக்காகச் செய்துதானே ஆக வேண்டும் என்று துரைராசு வாசலில் நிருபர்களிடம் சொன்னார். நெல்லையப்பன் கோகிலமணிக்குப் பதவி உயர்வு எழுதினார். சோதனைக்குப் பிள்ளையைக் கொடுக்க எந்தப் பெற்றவர் வருவார்? ஒருவரும் வரமாட்டார்கள் என்பது தீர்ப்பு எழுதியவருக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். கோர்ட் வாசலில் ஒரு தாய் கோகிலமணியின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் குழந்தையைக் காப்பாற்றினீர்கள் என்று அழுதாள். அவளிடமிருந்து கையை எப்படி விடுவித்துக்கொள்வது என்று கோகிலமணிக்குத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை வழக்கம்போல் கேனோடு மலைக்குப் போனாள். இதழினி தோட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், முகத்தில் தெளிவு இருந்தது. கேனை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மடித்த காகிதம் ஒன்றை நீட்டினாள். அதில் பத்தொன்பது பெயர்கள், பக்கத்தில் போன் நம்பர்கள். எல்லாம் அவளோடு ஐந்தாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் படித்தவர்கள்.

"பத்தொம்பது பேரு சரின்னுட்டாங்கம்மா. என்னோட சேத்து இருபது. எல்லாத்துக்கும் பதினெட்டு முடிஞ்சிருச்சு, அவங்களே கையெழுத்துப் போடுவாங்க."

 பைத்தியமா உங்களுக்கு, அது பூச்சிக்கு வைத்த கணக்கு, மனுஷருக்கு இல்லை என்றாள் கோகிலமணி. வீட்டில் யாரும் விடமாட்டார்கள் என்றாள். யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் பெற்ற தாய்க்கு நான் என்ன பதில் சொல்வேன் என்றாள்.

இதழினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "அன்னிக்குச் சொட்டு போடறப்ப எங்கள யாரும் கேக்கலியேம்மா," என்றாள். "இப்ப நாங்களாத்தான் வர்றோம்."

 கோகிலமணி தொழிலில் இருந்து ஒரு கடைசி ஆட்சேபணையைத் தேடி எடுத்தாள்.

"கன்ட்ரோல் இல்லாம டெஸ்ட் செல்லாது கண்ணு. அதுக்கும் ஆளு வேணும்."

"ஊரே இருக்குதேம்மா," என்றாள் இதழினி.

மலைச் சரிவில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. கோகிலமணி அழுதாள். மகள் அவள் தோளில் கை போட்டுக்கொண்டாள். அழுது முடித்ததும் கோகிலமணி மூக்கைச் சிந்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அரை ஸ்பூனில்தான் ஆரம்பிக்க வேண்டும், ஒருத்தருக்குத் தலை சுற்றினாலும் எல்லோருக்கும் நிறுத்த வேண்டும், எண்ணுவது நான்தான், வேறு யாரும் எண்ணக் கூடாது என்றாள். சரி என்றாள் மகள்.

கோகிலமணி பையிலிருந்து நோட்டை எடுத்துக் கட்டம் போட்டாள். தலைப்பில் 'அசையாதவை' என்று எழுதக் கை போனது, எழுதவில்லை. காகிதத்தைப் பார்த்து ஒவ்வொரு பெயராக எழுதிக்கொண்டே வந்தாள். பத்தொன்பதாவது பெயருக்குப் பிறகு பேனா அப்படியே நின்றது. இதழினி பேனாவை வாங்கி, இருபதாவது வரியில் தன் பெயரைத் தானே எழுதினாள்.